தெரியாது என்றொரு வரி

செந்தூலில், கார் கழுவும் கடைக்கு மேல்மாடியில்
சனிக்கிழமை வகுப்பு.
மழை கொட்டுகிறது, கீழே அப்போதும்
யாரோ ஒருவருடைய மைவியைக் கழுவுகிறார்கள்.
குழாய் சீறும்போதெல்லாம்
நான் வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன்.

பதினெட்டுப் பேர்.
கல்விக்கடனின் முதல் தவணை
போன வாரம்தான் கணக்கில் விழுந்திருக்கிறது.
சிலருக்குப் புதுச் சப்பாத்து.
சிலருக்குப் புதுக் கவலை.
கடைசியாக வந்த பெண் கையில் குடையில்லை,
ஆனால் நனையவும் இல்லை.

வெள்ளைப் பலகையின் நடுவே ஒரு கோடு.
இந்தப் பக்கம் தேவை, அந்தப் பக்கம் ஆசை.
"தே ஆயிஸ் எந்தப் பக்கம் மிஸ்?"
"ஒன்று குடித்தால் இந்தப் பக்கம், மூன்று குடித்தால் அந்தப் பக்கம்."
"மோட்டாருக்கு வந்த சம்மன்?"
கிஷோதரன் கேட்டான், விளையாட்டாக இல்லை.
கோட்டின் மேலேயே எழுதிக்கொள் என்றேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு, என்றேன்.
"எந்த ஆறு மிஸ், கிள்ளானா கோம்பாக்கா?"
இரண்டும் சேரும் சேற்றில்தானடா
இந்த ஊரே எழுந்தது என்று வாயெடுத்தேன்,
கீழே குழாய் சீறியது.
ஏழு நாளைக்கு ஒவ்வொரு காசையும் எழுதி வாருங்கள்
என்று மட்டும் முடித்தேன்.

மறுவாரம் தாள்கள் வந்தன.
பதினேழு தாளிலும் கணக்கு நேராகிவிட்டது:
ஐம்பது, முப்பது, பத்து, இருபது.
இவ்வளவு வட்டமாக யாரும் பசிப்பதில்லை.
கோப்பித்தியாமில் உட்கார்ந்து
ஒருவர் தாளை ஒருவர் பார்த்து
காலையில்தான் எழுதியிருப்பார்கள்.

லோகஷாலினியின் தாள் மட்டும் பச்சை மையில்.
நாசி சம்பூர் ஆறு எழுபது.
ரயில் அட்டை பதினைந்து.
தங்கைக்குக் கண்ணாடிச் சட்டம், பாதிப் பங்கு, நாற்பத்தைந்து.
கடைசி வரியில்:
தெரியாது – 47.

"இப்படி ஒரு வரி இருக்கவே கூடாது" என்றேன்,
எல்லார் முன்னாலும், கொஞ்சம் சத்தமாகவே.
சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது
மேசையில் நான் கவிழ்த்து வைத்திருந்த என் கைப்பேசி.
அதற்குள் மூன்று தவணைகள் ஓடுகின்றன.
ஒன்று எண்ணெயில்லாமல் பொரிக்கிற பெட்டிக்கு.
ஒன்று தம்பியின் டயருக்கு.
மூன்றாவது எதற்கென்று
சத்தியமாக எனக்கு நினைவில்லை.
மாதம் முப்பத்தெட்டு தொண்ணூறு,
எட்டாம் தேதி தானாகப் போய்விடும்.

திங்கள் இரவு அவளிடமிருந்து செய்தி:
"இருபது வெள்ளி கிடைச்சிடுச்சு மிஸ்.
ரூம்மேட்டுக்குக் குடுத்தேன், ரெண்டு பேருமே மறந்துட்டோம்."
செவ்வாய்: "பன்னிரண்டு, அம்மாவுக்கு டாப்-அப்."
புதன்: "ஏழு, நகல் எடுத்தது.
இன்னும் எட்டு வெள்ளி மிஸ். தேடறேன்."

விட்டுவிடு என்று எழுதி அழித்தேன்.
நல்லது என்று எழுதி அழித்தேன்.
கட்டைவிரல் ஒன்றை அனுப்பினேன்.

இன்று வியாழன், பதினொன்று நாற்பது:
"எட்டும் கிடைச்சிடுச்சு!
முதல் சனிக்கிழமை உங்க வகுப்புக்கு வந்த கிராப்.
மழைன்னு விலை ஏத்திட்டான்.
இத எந்தப் பக்கம் போடறது மிஸ்?"

இரண்டு மணி நேரத்துக்கு எனக்கு எண்பது வெள்ளி,
அதுவும் காலாண்டு முடிந்தால் வரும்.
பதினெட்டால் வகுத்துப் பார்த்தேன்.
தலைக்கு நாலு வெள்ளி நாற்பத்து நாலு காசு.
எட்டு கொடுத்து வந்து கேட்டிருக்கிறாள்
கோட்டுக்கு இந்தப் பக்கம், கோட்டுக்கு அந்தப் பக்கம்.

நீலக் குறி விழுந்துவிட்டது.
நான் படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.
சனிக்கிழமையும் மழை
என்கிறது கைப்பேசி.